ஓட்டுக்குப் பணம் வேண்டாம்: வீடு வீடாகப் போகும்போது எங்களிடம் கேட்கும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் தெருக்காரர்கள் பதினோரு பேர் வீடு வீடாகப் போகிறோம். கையில் ஒரு நோட்டீஸ், வாசலில் மாட்ட ஓர் அட்டை. அட்டையில் "இந்த வீட்டின் ஓட்டு விற்பனைக்கு இல்லை" என்று இருக்கும். இதுவரை மூன்று தேர்தலுக்குப் போய்விட்டோம். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பதில் தெரியாமல் திணறுவதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் மக்கள் கேட்டது கேட்டபடியே இருக்கின்றன.

"நீங்க எந்தக் கட்சி? யாரு உங்கள அனுப்புனது?"

யாரும் அனுப்பவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தையல்கடை அக்கா, ஆட்டோ ஓட்டும் அண்ணன் இருவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம் இது. எங்களுக்குள்ளேயே வேறு வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸில் எந்தக் கட்சியின் பெயரும் வரக்கூடாது, யாரிடமும் நன்கொடை வாங்கக்கூடாது என்பது முதல்நாளே பேசி வைத்தது. அட்டைச் செலவு எங்கள் கைக்காசு.

ஆரம்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் தெருச் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் போய் முறையிட்டோம். அவர் கோபப்படக்கூட இல்லை. "சும்மாவா ஓட்டுப் போட்டீங்க? காசு வாங்கிட்டுத்தானே போட்டீங்க. கணக்கு முடிஞ்சு போச்சுல்ல" என்றார். அன்று போனவர்களில் பாதிப்பேர் வாங்கியவர்கள். யாருக்கும் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது தொடங்கியதுதான் இது.

"ஓட்டுக்குக் காசு காலங்காலமா இருக்கிறதுதானே, இதுல என்ன புதுசு?"

வேட்டி சேலை, குடம், மூக்குத்தி, சாராயம் எல்லாம் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆனால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் பெயராக டிக் அடித்து, வீட்டுக்கு வீடு கவர் கொடுப்பது அதைவிடப் பிந்தி வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த முறைக்கு "திருமங்கலம் ஃபார்முலா" என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் வரும் செய்தித்தாளுக்குள் கவர் இருந்தது என்பது அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் எல்லோரும் பேசும் பேச்சு.

பிறகு வரிசையாக நடந்ததைப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் பணப்பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் தேர்தல் ரத்தாகி, நவம்பரில்தான் நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு ரத்தானது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தி, ஆகஸ்ட் 5ஆம் தேதி நடத்தினார்கள். எல்லாம் நம் மாநிலம். இதைத் திண்ணையில் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியாது. ஒரு வாக்குச்சாவடிக்குச் சுமார் ஆயிரம் பெயர். பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, அந்தந்தத் தெருக்காரர் ஒருவரிடமே கொடுப்பார்கள். வெளியாள் வந்தால் கேள்வி கேட்போம். வருவது நம் பெரியப்பா மகனாக இருந்தால் எப்படிக் கேட்பது? கடைசி இரண்டு ராத்திரி. வாசலில் செருப்புச் சத்தம். மெதுவான குரலில் ஒரே கேள்வி: "வீட்ல எத்தன ஓட்டு?" நாலு என்றால் எண்ணிக் கையில் வைத்துவிட்டு, பென்சிலால் நாலு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

"குடுக்கிறவனுக்குத்தானே தண்டனை? வாங்குறவங்க மேல என்ன கேஸ்?"

இரண்டு பேருக்கும் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 171-பி, 171-இ என்று இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 170, 173ஆம் பிரிவுகளாக இருக்கிறது. ஓட்டுக்காகக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை உறுதியானால் கொடுத்த வேட்பாளர் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்ற எவருக்கும் ஆறு ஆண்டு ஓட்டுரிமையே கிடையாது என்றும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. இது பலருக்கும் தெரிவதில்லை.

ஆனால் இதைச் சொல்லி நாங்கள் யாரையும் பயமுறுத்துவதில்லை. ராத்திரி கவர் வாங்கிய ஆத்தாவை ஜெயிலுக்கு அனுப்பி இந்த நாடு திருந்தப் போவதில்லை. கேட்டால் மட்டும் சட்டத்தைச் சொல்வோம்.

"நம்மகிட்ட அடிச்ச காசுதானே, திரும்ப வாங்கிக்கிட்டா என்ன தப்பு?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரின் கோபம் நியாயமானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் திருப்பித் தருகிற காசு என்றால் பகலில், எல்லோருக்கும், கணக்குச் சொல்லி வர வேண்டும். இது இருட்டில், ஓட்டு உள்ளவருக்கு மட்டும், ஒரு நிபந்தனையோடு வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காசு கிடையாது. அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தொகுதியில் இரண்டரை லட்சம் ஓட்டு என்று வையுங்கள். அதில் ஒன்றே முக்கால் லட்சம் பேருக்குத் தலைக்கு ஆயிரம் என்றால் பதினேழரைக் கோடி. 2017இல் உயர்த்தியபடி எம்.எல்.ஏ. சம்பளம் மாதம் 1,05,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 63 லட்சம். மீதிப் பதினாறு கோடியே சொச்சம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஏற்கெனவே அடித்தது மட்டுமல்ல, இனிமேல் அடிக்கப்போவதற்கான முன்பணமும்தான். கடன் கொடுத்தவர் சும்மா கொடுக்க மாட்டார். மணலிலோ, ரோட்டு காண்ட்ராக்ட்டிலோ, ஒரு இடமாறுதல் உத்தரவிலோ அது திரும்ப எடுக்கப்படும். எங்கள் சாக்கடையில் போட வேண்டிய சிமெண்ட்டும் அதில் அடக்கம்.

"எல்லார்கிட்டயும் வாங்கிட்டு, புடிச்சவங்களுக்குப் போட்டா போச்சு. எதுக்கு இவ்வளவு பேச்சு?"

பெரிய தலைவர்களே மேடையில் சொன்ன யோசனைதான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் பணம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. அவர் ஐந்நூறு கொடுத்தார் என்றால் இவர் ஆயிரம் கொடுப்பார். கடைசியில், கொடுக்க முடிந்தவர் மட்டுமே நிற்க முடியும்.

நீங்கள் மனதில் வைத்திருக்கிற அந்த "புடிச்ச" ஆள் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். சட்டமன்றத்துக்கு டெபாசிட் பத்தாயிரம் ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஐயாயிரம். அந்தக் காசை எங்கள் வாத்தியாரால் கட்ட முடியும். பதினேழு கோடியை எதிர்த்து அவர் நிற்க முடியுமா? நல்ல மனிதர் வேட்பாளர் பட்டியலுக்கே வராமல் போவது நாம் கவர் வாங்கும் அன்றைக்கு முடிவாவது அல்ல. அதற்கு வெகு முன்பே, "செலவு பண்ண முடியுமா?" என்று கட்சி அலுவலகத்தில் கேட்கும்போதே முடிவாகிவிடுகிறது.

"ஏப்பா, காசை வாங்கி வெளக்குல அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். மாத்திப் போட்டா பாவமில்லையா?"

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா கேட்டது. இட்லிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளை ஒருவன் சிரித்துவிட்டான், அவனை அப்புறம் தனியாகக் கண்டித்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த நன்றி உணர்ச்சிதான் இந்த வியாபாரத்துக்கு முதல் போட்டது. கையில் காசை வைத்து, பிள்ளை தலைமேல் கை வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அந்த மனதைத் தெரிந்துதான் கேட்கிறார்கள்.

நான் அவரிடம் சொன்னது: "அப்பத்தா, உப்புப் போட்டவன் தன் வீட்டு உப்பைப் போடணும். இது ஊர் உப்பு." சட்டப்படியும் அந்த வாக்குறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை, குற்றத்துக்காக வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. ஆனால் சட்டம் சொல்லி அவர் மனசு ஆறாது. அவர் கடைசியில் கண்டுபிடித்த வழி அவருடையது: அடுத்தமுறை வாங்காமலேயே இருந்துவிட்டால் சத்தியமும் வேண்டாம், பாவமும் வேண்டாம் என்றார்.

"நான் யாருக்குப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?"

தெரியாது. மெஷினில் எந்த ஓட்டு யாருடையது என்ற பதிவு கிடையாது. பக்கத்தில் இருக்கும் விவிபேட் பெட்டியில் சீட்டு ஏழு நொடி தெரிந்து, வெட்டுப்பட்டு உள்ளே விழுந்துவிடும். அதில் உங்கள் பெயர் இருக்காது, வெளியே எடுத்து வரவும் முடியாது.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்ற கணக்கு வெளியே வரும். "அந்த பூத் நமக்குப் போடல" என்று கட்சிக்காரர்கள் சொல்வது அதை வைத்துத்தான். பல மெஷின்களைச் சேர்த்து எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008இல் கேட்டது, இன்னும் வரவில்லை. ஆக, உங்கள் ஓட்டு தெரியாது, உங்கள் தெருவின் போக்கு தெரியும்.

"வாங்கலன்னா மகளிர் உரிமைத் தொகை, முதியோர் பென்ஷன நிறுத்திருவாங்களாமே?"

நிறுத்த முடியாது. அவை அரசாங்கப் பணம், அரசாணைப்படி வங்கிக் கணக்குக்கு வருவது. யாராவது அப்படி மிரட்டினால் அது தனிக் குற்றம். தேதி, நேரம், சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

"நாங்க வாங்கலன்னா எதிர்க்கட்சின்னு முத்திரை குத்திருவாங்களே?"

ஆமாம், குத்துவார்கள். முதல் தேர்தலில் எங்களுக்கே நடந்தது. ஒருவர் மறுத்தால் "அவன் அந்தப் பக்கம் போயிட்டான்" என்று மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்கூட அது காட்டும். பயத்தில் வாங்குபவர்கள் ஆசையில் வாங்குபவர்களைவிடக் குறைவில்லை என்பது நான் வாசல் வாசலாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அதனால்தான் அட்டை. பணம் ஒவ்வொரு வீடாக, ரகசியமாக வருகிறது. தனியாக இருப்பவரால் அதை மறுப்பது கஷ்டம். பத்து வாசலில் ஒரே அட்டை தொங்கினால் பதினோராவது வீட்டுக்காரரை யாரும் எதிர்க்கட்சி என்று சொல்ல முடியாது. எல்லாக் கட்சிக்காரருக்கும் அந்த அட்டை ஒரே பதிலைத்தான் சொல்கிறது. கொண்டு வருபவர் நம் சொந்தக்காரராக இருந்தால் அவருக்கும் நிம்மதி. "அந்தத் தெருவுல வாங்க மாட்டேங்கிறாங்கண்ணே" என்று மேலே சொல்லிவிட்டுப் போய்விடலாம். எங்கள் பெரியப்பா மகன் அப்படித்தான் போனான்.

"எங்க வீட்டுக்காரரு நாலு ஓட்டுக்கும் சேத்து வாங்கிர்றாரு. நான் என்ன செய்ய?"

அடுப்படியில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அம்மா, மனைவி, வேலைக்குப் போகும் மகள் எல்லோருடைய ஓட்டையும் ஓர் ஆள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். பாதி நேரம் அந்தக் காசு வீட்டுச் செலவுக்குக்கூட வருவதில்லை, டாஸ்மாக்கோடு போய்விடுகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அவர் வாங்கியதால் உங்கள் ஓட்டு அவருடையதாகிவிடாது. மறைப்புக்குப் பின்னால் நீங்கள் மட்டும்தான். ஏற்கெனவே சொன்னதுபோல, யாருக்கும் தெரியவும் தெரியாது. அப்புறம், வீட்டில் சண்டை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தையல்கடை அக்கா வேறு வழி பிடித்தார். மகளிர் சுய உதவிக்குழு கூடும் நாளில் இதைப் பேச ஆரம்பித்தார். "என் பேருக்கு வந்த காசை எங்கிட்ட கேக்காம நீங்க எப்படி வாங்கலாம்?" என்று ஒரே வாரத்தில் ஏழு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அந்த ஏழில் நாலு வீட்டில் இப்போது அட்டை இருக்கிறது.

"ஆயிரம் ரூபா உங்களுக்குப் பெருசில்ல தம்பி. எங்களுக்கு ரெண்டு நாள் கூலி."

இது கேள்வி இல்லைதான். ஆனால் எல்லாக் கேள்வியிலும் கனமானது இதுதான். நூறுநாள் வேலைச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும் வீட்டில் போய் "கொள்கை" பேசினால் நமக்கே வாய் கூசும். வாங்கியவர்களைத் திட்டுவதோ, வீடியோ எடுத்துப் பரப்புவதோ எங்கள் கூட்டத்தில் யாரும் செய்யக்கூடாது. ஒரு பையன் செய்தான், அவனை நிறுத்திவிட்டோம்.

அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று. போன தடவை வாங்கிய காசு எத்தனை நாள் வந்தது, அதற்கப்புறம் ஏதாவது கேட்டுப் போனபோது என்ன பதில் வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே சொல்லத் தொடங்குவார்கள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வசதியான வீடுகளில் "அந்த ஏழைங்கதான் ஓட்டை விக்குறாங்க" என்று பேச்சு வரும். அங்கே நான் சும்மா இருப்பதில்லை. மாடி வீடுகளிலும் கவர் போகிறது, நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப்னு அறிவிக்கிறாங்களே, அது லஞ்சம் இல்லையா?"

சட்டப்படி இல்லை. சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி லஞ்சக் குற்றத்தில் வராது என்றது. ஆனால் இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கச் சொல்லி ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2022இல் இதே விஷயம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

என் சொந்தக் கருத்து: இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. அறிக்கையில் சொல்வது ஊரறியச் சொல்வது. சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கி, ஓட்டுப் போடாதவருக்கும் சேர்த்துக் கொடுப்பது. அது வீண் செலவு என்றால் மேடையில் பேசி எதிர்க்கலாம். சத்துணவையும் சைக்கிளையும் "இலவசம்" என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அவை படிக்க வைத்த பிள்ளைகள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

"எங்க ஆயிரத்தக் கேக்குறீங்க. கம்பெனிக்காரன் கோடி கோடியா குடுக்குறானே, அதக் கேட்டீங்களா?"

கேட்க வேண்டும், கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2018இல் தேர்தல் பத்திரம் என்று ஒரு திட்டம் வந்தது. ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடிவரை பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. கம்பெனிகள் லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்ற வரம்பையும் 2017இல் எடுத்துவிட்டார்கள். மொத்தம் பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் விற்றது.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பும் காமன் காஸ் என்ற அமைப்பும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் வழக்குப் போட்டன. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, மக்களுக்குத் தகவல் அறியும் உரிமை இருக்கிறது என்று சொல்லித் திட்டத்தையே ரத்து செய்தது. விவரம் தர ஜூன்வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு ஒரே நாள்தான் கிடைத்தது. பெயர்கள் வெளிவந்தபோது அதிகம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதிகம் பெற்ற கட்சி பாரதிய ஜனதா, ஆறாயிரம் கோடிக்கு மேல். நம் மாநிலத்தில் தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த லாட்டரி நிறுவனத்தினுடையது என்று கட்சியே கணக்குக் கொடுத்திருந்தது. நோட்டீஸில் கட்சிப் பெயர் எழுத மாட்டோம் என்றேன், கேள்வி கேட்டதால் பதிவான கணக்கை இங்கே சொல்கிறேன்.

அந்தச் சங்கத்தை 1999இல் தொடங்கியவர்கள் அகமதாபாத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சில பேராசிரியர்கள். வேட்பாளரின் சொத்தும் கிரிமினல் வழக்கும் பிரமாணப் பத்திரத்தில் இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால், அவர்கள் போட்ட வழக்கில் 2002இல் வந்த தீர்ப்புதான் காரணம். மேலே வரும் கோடியும் கீழே வரும் ஆயிரமும் வேறு வேறு காசு இல்லை. நாங்கள் கீழ்முனையைப் பிடித்திருக்கிறோம், அவர்கள் மேல்முனையைப் பிடித்திருக்கிறார்கள்.

"செலவுக்கு உச்சவரம்பு இருக்குன்னு சொல்றாங்களே, அது என்னாச்சு?"

இருக்கிறது. 2022 முதல் நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். மேலே போட்ட பதினேழரைக் கோடியை இந்த 40 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்குக் கிடையாது. கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி அதை விலக்கிவிட்டார்கள். கட்சிச் செலவுக்கும் வரம்பு வேண்டும் என்பதையும் நாங்கள் நோட்டீஸில் கடைசி வரியாகப் போடுகிறோம்.

"பறக்கும் படை எங்க யாவாரக் காசத்தான் புடிக்குது, கட்சிக்காரன விட்டுருது."

நியாயமான ஆதங்கம். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் பிடிபட்டது பணமும் பொருளுமாகச் சுமார் 446 கோடி. ஆனால் மாட்டுச் சந்தைக்குப் போகிறவரும், வெங்காய லோடு எடுக்கிறவரும் சிக்கிக்கொள்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் வங்கிச் சீட்டோ பில்லோ கையில் வையுங்கள். எடுத்துவிட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். மாவட்டத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கும், தேர்தலோடு சம்பந்தமில்லாத பணம் என்று காட்டினால் திரும்பக் கிடைக்கும்.

"புகார் குடுத்தா மட்டும் என்ன நடந்துரப் போகுது?"

சில சமயம் நடக்கிறது, பல சமயம் நடப்பதில்லை. சி-விஜில் என்ற செயலியில் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து புகார் கொடுக்கலாம். போட்டோவோ வீடியோவோ அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும், போனில் இருக்கும் பழைய படத்தை ஏற்றாது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. 1950 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒருமுறை நாங்கள் அனுப்பியபோது அரைமணியில் வண்டி வந்தது. இன்னொரு முறை வண்டி வருவதற்குள் தெரு முழுக்க முடிந்துவிட்டது.

ஏன் தண்டனைவரை போவதில்லை என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத சிறு குற்றமாகத்தான் சட்டம் இதை வைத்திருக்கிறது. ஜெயித்தவர் பணம் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். ஆனால் அதற்கு வக்கீல் செலவும் வருடக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

"எங்க ஊர்ல தலைவர் பதவிய ஏலம் விட்டு, அந்தக் காச கோயிலுக்குக் கட்டுறாங்க. பொதுக்காரியம்தானே, அதுவும் தப்பா?"

தப்பு. காசு கோயிலுக்குப் போனாலும் பதவி விலைக்குப் போனது போனதுதான். கவரிலாவது மறைப்புக்குப் பின்னால் உங்களுக்கு ஓர் ஓட்டு மிச்சம் இருக்கிறது. ஏலத்தில் தேர்தலே நடப்பதில்லை, ஒரே மனுத்தாக்கல், போட்டியின்றித் தேர்வு. கூலிக்காரரும், ஊர்க்கூட்டத்தில் பேச இடமில்லாத பெண்களும், தள்ளி வைக்கப்பட்ட தெருக்காரர்களும் ஒரே அடியில் வெளியே போய்விடுகிறார்கள்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதனால் முந்தைய பதிலில் சொன்ன சி-விஜில் அங்கே பயன்படாது. புகாரை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம்.

"நாங்க நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனா எங்க மேலயே கேஸ் போட்டுருவாங்களா?"

விதி தெரிந்து செய்தால் பயமில்லை. தேர்தல் சம்பந்தப்பட்ட எந்த நோட்டீஸிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம்வரை சிறை. அட்டையை உங்கள் வாசலில் மாட்டுங்கள், பொதுச்சுவரிலும் மின்கம்பத்திலும் வேண்டாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் கூட்டம் போடக்கூடாது. வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் எதையும் பேச வேண்டாம்.

"எங்க தெருவுலயும் ஆரம்பிக்கணும். எங்கிருந்து தொடங்குறது?"

தேர்தல் அறிவிப்பதற்கு ஆறு மாதம் முன்பு. தேர்தல் நேரத்தில் போனால் யார் அனுப்பினார்கள் என்றுதான் கேட்பார்கள். முதலில் தெருவின் ஒரு சின்ன வேலையை, தெருவிளக்கோ குடிநீரோ, மனுக் கொடுத்து முடித்துக் காட்டுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் "எங்கள் ஊரில் ஓட்டுக்குப் பணம் வாங்க மாட்டோம்" என்று தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தேர்தல் அறிவித்துவிட்டால் தள்ளிப் போய்விடும் என்பதால் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

அட்டையை முதலில் மாட்ட வேண்டியது, முன்பு வாங்கியவர் என்று தெருவுக்கே தெரிந்த ஒருவர். எங்கள் தெருவில் அது ஆட்டோ அண்ணன். "நானும் வாங்குனவன்தான், இனிமே வேணாம்" என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள், வாத்தியார் சொன்னபோது கேட்கவில்லை.

"ஒரு தெரு வாங்கலன்னா ஜெயிக்கிற ஆளு மாறிருவானா?"

மாறவில்லை. மூன்று தேர்தலிலும் எங்கள் தொகுதியில் செலவழித்தவர்தான் ஜெயித்தார். எங்கள் தெருவில் மொத்தம் 64 வீடு. முதல்முறை அட்டை மாட்டியது 9, அடுத்தது 23, போனமுறை 38. மீதி 26 வீட்டில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நாங்கள் கணக்கெடுப்பதில்லை.

சாக்கடைக்காக மறுபடி ஒருமுறை போனோம். இந்தத் தடவை வேறு ஆள், வேறு பதவி. பேச்சு ஆரம்பிக்கும்போதே அவர் பக்கத்தில் இருந்தவரிடம் "இது எந்தத் தெரு?" என்று கேட்டார். அவர் சொன்னதும் நாற்காலி போடச் சொன்னார். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, கோயில் முக்கிலிருந்து கீழ்ப்பக்கம் இன்னும் கட்டவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போகிறோம். இட்லிக்கடை அப்பத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.